மாமரத்துக்கு வடக்கே: ஒரு கல்லறைக்காகத் திருச்சியில் மூன்று நாள்

போன வருஷம் ஆடி மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், என் சித்தப்பா மகள் ஸ்டெல்லா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். திருச்சி பாலக்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீகக் கோவிலின் அறிவிப்புப் பலகை அது. (தமிழ்க் கத்தோலிக்கர்கள் சர்ச்சைக் கோவில் என்றுதான் சொல்வோம். புதிதாகப் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.) கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை. பழைய பகுதியில் பெயர்க்கல் இல்லாத கல்லறைகளைத் தோண்டி, எலும்புகளைப் பொதுக்குழியில் சேர்க்கப் போகிறார்கள். அடக்கப் புத்தகத்தில் உறவைக் காட்டி, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போடுகிறவர்களின் கல்லறைகள் மட்டும் தப்பும்.

அந்தத் தோட்டத்தில் மாமரத்துக்கு வடக்கே மூன்றாவதாக, சுண்ணாம்பு அடித்த ஒரு சிலுவை இருக்கிறது. அதில் பெயர் கிடையாது. அங்கேதான் என் கொள்ளுத்தாத்தா சவரிமுத்து படுத்திருக்கிறார் என்று அப்பா எனக்குக் காட்டியிருந்தார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு அப்பா சென்னையிலிருந்து தவறாமல் போய் மெழுகுவத்தி ஏற்றுவார். முடியாமல் படுத்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "அந்த இடத்தை மட்டும் விட்றாதம்மா" என்றார். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை. இப்போது ஸ்டெல்லாதான் எங்கள் எல்லோருக்காகவும் ஏற்றுகிறாள்.

நான் ஆவடியில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று நாள் லீவு கேட்டதற்கு மேலாளர் முகத்தைச் சுளித்தார். சுளித்தால் சுளிக்கட்டும் என்று புதன்கிழமை இரவு ரயில் ஏறிவிட்டேன். இந்த வலைப்பூவில் வழக்கமாகக் கோவில், குளம், சாப்பாடு என்று எழுதுவேன். இந்த முறை ஒரு கல்லறையும் இரண்டு புத்தகங்களும்தான். ஆனாலும் மூதாதையரின் பதிவைத் தேடித் திருச்சிக்குப் போகிறவர்களுக்கு இது உதவும்.

எழும்பூரிலிருந்து திருச்சி ஜங்ஷன் 337 கிலோமீட்டர். ஸ்லீப்பர் டிக்கெட் 225 ரூபாய் ஆயிற்று. வியாழன் காலை ஐந்தே காலுக்கு இறங்கினேன். ஸ்டெல்லா வீடு எடமலைப்பட்டி புதூரில், ஜங்ஷனிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர். ஆட்டோ 120 ரூபாய். ஸ்டெல்லா பள்ளி ஆசிரியை. பரீட்சை நேரம் என்பதால் கூட வர முடியவில்லை. இட்லியை வைத்துவிட்டு, "அக்கா, நீ போனா முடிச்சிட்டுத்தான் வருவ" என்று சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

ஒன்பதரைக்குக் கோவிலின் பங்கு அலுவலகம் திறந்தது. பொறுப்பில் இருந்தவர் உபதேசியார் அந்தோணிசாமி. உபதேசியார் என்றால் சாமியாருக்கு, அதாவது பாதிரியாருக்கு, உதவியாக ஜெபமும் மந்திரமும் சொல்லிக்கொடுத்து, ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டும் பொதுநிலை மனிதர். அறுபது வயதிருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. வணக்கம் சொன்னதுமே கையை நீட்டினார்.

"லெட்டர் கொண்டாந்திருக்கீங்களாம்மா?"

சொந்தப் பங்குச் சாமியாரிடம் வாங்கிய கடிதம் இல்லாமல் பழைய புத்தகங்களைத் தொட விட மாட்டார்கள். இதை முன்பே ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டதால் ஆவடியிலிருந்து வாங்கிப் போயிருந்தேன். அவர் அதை இரண்டு தரம் படித்தார்.

"பெயரு புத்தகத்துல இருந்தா கையெழுத்துப் போடலாம். இல்லன்னா முடியாது. எனக்கே வருத்தந்தான். ஆனா ஆளுக்கு ஒண்ணு சொன்னா நாளைக்கு நான் பதில் சொல்லணும்."

"இருக்கும். இல்லாம எங்க போயிடும்?" என்றேன்.

மூன்று தடித்த புத்தகங்களை எடுத்து வைத்தார். படம் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு பதிவும் இரண்டு பக்கத்துக்கு நீளும். இடப்பக்கம் எண், தேதி, பெயர், வயது, ஊர், குறிப்பு. வலப்பக்கம் மற்ற விவரங்கள். தாள் உதிர்ந்துவிடக் கூடாதே என்று வலப்பக்கத்தின் மேல் ஒரு அட்டையை வைத்து மூடிக்கொண்டு, பெயர்க் கட்டத்தில் விரலை வைத்து இறங்கினேன். கொள்ளுத்தாத்தா இறந்தது சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் என்று மட்டும் தெரியும். அதற்கு முன்னும் பின்னுமாக இருபது வருஷம் பார்ப்பது என்று முடிவு.

அடக்கப் புத்தகம் படிப்பது அலுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. திருச்சியில் கிறிஸ்தவம் எப்படி வளர்ந்தது என்பது அந்த ஊர்க் கட்டத்திலேயே இருந்தது. ரயில்வே பட்டறை வந்ததால் பொன்மலைக்குக் குடிவந்த குடும்பங்கள். பட்டாளத்தில் சமையல் செய்தவர்கள். கண்டி, பினாங்கு, ரங்கூன் என்று கப்பல் ஏறிப் போய்த் திரும்பியவர்கள். ஒரு பதிவில் விரல் தானாக நின்றது. "லூர்தம்மாள். வயது முப்பது சுமார். ரங்கூனிலிருந்து கால்நடையாய் வந்தவள். உறவினர் யாருமில்லை." யுத்தம் வந்தபோது பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்து வந்தவர்களில் ஒருத்தி. பாவம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். எனக்கு வேண்டியது சவரிமுத்து.

மத்தியானம் ஒன்றரைக்குப் புத்தகங்கள் முடிந்தன. ஐந்து சவரிமுத்துக்கள் கிடைத்தார்கள். இரண்டு பேர் குழந்தைகள், ஒருவர் ரயில்வே போர்ட்டர், மற்ற இருவருக்கும் வயது பொருந்தவில்லை. என் ஆள் இல்லை. 

அந்தோணிசாமி புத்தகங்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். "உங்க கொள்ளுத்தாத்தா என்ன தொழில் பாத்தாரு?"

"உங்க தொழில்தான். உபதேசியார். சின்ன வயசுல கொழும்புக்குப் போயிட்டு வந்தவர்."

"கொழும்பா? அப்ப கோவா கோவில்ல பாத்தீங்களா?"

"நாங்க இந்தக் கோவில்காரங்க" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. எங்கள் பழைய வீடு இந்தக் கோவிலின் மதிலை ஒட்டித்தான் இருந்தது. பிறகு ஏன் இன்னொரு கோவிலுக்குப் போக வேண்டும்? அவர் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அன்று சாயங்காலம் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஊரைச் சுற்றினேன். நீங்கள் போனால் இதே வரிசையில் பாருங்கள், மூன்று மணி நேரம் போதும். கோட்டைக்குள் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சீர்திருத்தச் சபைக் கோவில். கண்டோன்மென்ட்டில் ஆங்கிலச் சிப்பாய்களுக்காகக் கட்டிய இன்னொன்று. பிறகு மேலப்புதூர், பாலக்கரைப் பக்கம் கத்தோலிக்கக் கோவில்கள். எல்லாம் நடக்கிற தூரம் இல்லை. ஆட்டோவை மொத்தமாக 350 ரூபாய்க்குப் பேசிக்கொண்டேன்.

எங்கே போனாலும் கல்வெட்டில் வெள்ளைக்காரர் பெயர்தான். கவர்னர், கர்னல், அருட்தந்தை. அவர்கள் வந்தார்கள், கட்டினார்கள், பள்ளிக்கூடம் திறந்தார்கள், அதில் படித்துத்தான் எங்கள் குடும்பமும் தலையெடுத்தது. இல்லை என்று சொல்லவில்லை. துப்பாக்கிக்குப் பின்னால் வந்த கோவில்களும் இருக்கின்றன, துப்பாக்கி இல்லாமல் காவி கட்டி, காய்கறி மட்டும் சாப்பிட்டு, தமிழ் படித்து வந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். கோவிலுக்கு உள்ளேயும் கல்லறையிலும் சாதிக்குச் சுவர் எழுப்பிய வெட்கக்கேடும் இதே ஊரில்தான் நடந்தது. ஆனால் வையம்பட்டிப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாக நடந்து, நாற்று நடுகிற பெண்களுக்கு வரப்பில் உட்கார்ந்து பரலோக மந்திரம் சொல்லிக்கொடுத்தது எந்தக் கர்னலும் இல்லை. என் கொள்ளுத்தாத்தா மாதிரி ஆட்கள். அவர்களுக்கு ஒரு கல்வெட்டும் கிடையாது. கடைசியில் அந்தச் சிலுவையையும் பிடுங்கப் போகிறார்களே என்று கோபம் கோபமாக வந்தது.

அப்போதுதான் ஒரு யோசனை. கொள்ளுத்தாத்தா கிறிஸ்தவராகும் முன்பு ஸ்ரீரங்கத்து ரெங்கசாமி. பூக்கட்டும் குடும்பம். ஆள் கூட்டிப் போகும் கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர் அங்கே காய்ச்சலில் விழுந்து, பிழைத்து, சவரிமுத்தாகத் திரும்பி வந்தார் என்பது வீட்டுக் கதை. ஒருவேளை பழைய பெயரிலேயோ தகப்பனார் பெயரோடோ எழுதியிருந்தால்? தகப்பனார் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கக்கூடியவர் ஒருவர் உண்டு. அப்பா இறந்தபோது ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பூ வியாபாரி பெரிய மாலையோடு ஆவடிக்கு வந்து, வாசலிலேயே நின்று, போட்டுவிட்டுப் போனார். பெயர் ரெங்கராஜன். பங்காளி என்று மட்டும் சொல்லி, கடை கார்டைக் கொடுத்திருந்தார். கார்டைப் பர்ஸிலேயே வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஜங்ஷனில் ஒன்றாம் நம்பர் பஸ். ஸ்ரீரங்கத்துக்குச் சுமார் ஒன்பது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அவசரத்தில் தனியார் பஸ்ஸில் ஏறிவிட்டு நான் 15 ரூபாய் கொடுத்தேன். காவிரியில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அன்று ஆடி வெள்ளி. சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டில் நடக்க இடமில்லை. ரெங்கராஜன் கடையில் மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருமண், காதில் செல்போன். என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார்.

"ஆவடித் தங்கச்சிதானே? வாம்மா, உக்காரு. காபி சாப்பிடறியா?"

விஷயத்தைச் சொன்னேன். பொதுக்குழி என்றதும் அவர் கை பூவில் நின்றுவிட்டது.

"எந்தக் கல்லறைய எடுக்கறாங்க?"

"கோவிலுக்குப் பின்னாடி, மாமரத்துக்கு வடக்கே மூணாவது."

"அது யாருதோ. எங்க சின்னத் தாத்தா, உங்க சவரிமுத்து, அங்க இல்லையே."

எனக்குச் சுர்ரென்றது. "அண்ணே, எங்கப்பா அங்கதான் வருஷா வருஷம் மெழுகுவத்தி ஏத்தினாரு. எனக்குத் தெரியாதா?"

"எங்கப்பா வருஷா வருஷம் மாலை கொண்டு போனாரும்மா. இப்ப நான் கொண்டு போறேன். உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கத்துல ஒரு சின்னக் கல்லறை இருக்கு. அங்க."

நான் நம்பவில்லை. கிறிஸ்தவரானதும் கொள்ளுத்தாத்தாவை அவருடைய அண்ணன் தலைமுழுகிவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். தலைமுழுகியவர் வீட்டில் எதற்கு மாலை? அதையே கேட்டும் விட்டேன்.

ரெங்கராஜன் கோபப்படவில்லை. "தலைமுழுகினது நெசந்தான். ஊரறிய ஆத்துல முழுகினாரு எங்க கொள்ளுத்தாத்தா. அப்புறம் அம்பது வருஷம் தம்பிகிட்ட பேசல. ஆனா தம்பி போயிட்டார்னு சேதி வந்த அன்னிக்கு, பெருமாளுக்குக் கட்டிக்கிட்டிருந்த மாலைய அப்படியே வச்சிட்டு எழுந்துட்டாராம். எங்களுக்குத் தீட்டுன்னா பெருமாள் பூவைத் தொடக்கூடாது. உறவு இல்லன்னா தீட்டு ஏது? அவர் பத்து நாள் பூவைத் தொடல. வீட்டுல யாரும் தொடல. ஏன்னு கேட்டவங்களுக்கு, தம்பி போயிட்டான்னு மட்டும் சொன்னாராம். பதினோராம் நாள் மொத மாலை வாய்க்கால் கல்லறைக்குத்தான் போச்சு."

கடைப் பையன்கள் எடை போடுகிற சத்தத்துக்கு நடுவே இதைச் சொன்னார். நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் வேறு பக்கம் பார்த்து ஒரு கூடையைச் சரிசெய்தார்.

அழுகை அடங்கியதும் பிடிவாதம் திரும்பி வந்தது. கண்ணால் பார்க்காமல் நம்புவதாக இல்லை. அந்தக் கல்லறைக்குரிய கோவிலின் அலுவலகம் வெள்ளிக்கிழமை திறக்காது, சனி காலை எட்டுக்குத்தான் என்றார். அவராலும் ஆடி வெள்ளியில் கடையை விட்டு வர முடியாது. "நாளைக்கு எட்டு மணிக்கு அங்க நில்லு. வரேன்" என்றார்.

மீதிப் பொழுதுக்கு வெளிப் பிராகாரங்களைச் சுற்றி வந்தேன். இந்து அல்லாதவர்களுக்கு ஒரு எல்லை வரைதான் அனுமதி. நான் பலகையைப் பார்த்து நின்றுவிட்டேன். இந்த மதில்களுக்குள் பிரெஞ்சுப் படையும் முகாம் போட்டிருந்தது. அந்நியர் வருவதும் போவதும் இந்தத் தீவுக்குப் புதிதல்ல. இங்கிருந்து புறப்பட்டுப் போய் மாறித் திரும்பிய தம்பியை என்ன செய்வது என்பதுதான் அந்த வீட்டுக்குப் புதிது. அம்மா மண்டபம் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தம்பியைத் தலைமுழுகியது இந்தப் படியில்தானோ என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை எட்டுக்கு வாய்க்கால் பக்கத்துக் கோவில். இதைத்தான் அந்தோணிசாமி கோவா கோவில் என்றார். கதை இதுதான். முதலில் கிழக்கே மிஷன் நடத்தும் உரிமை போர்த்துக்கல் அரசரிடம் இருந்தது. கோவாவிலிருந்து சாமியார்கள் வந்தார்கள். போர்த்துக்கல்லின் கை தளர்ந்ததும் ரோமாபுரி நேரடியாகப் பிரான்ஸிலிருந்து வேறு சாமியார்களை அனுப்பியது. முதலில் வந்தவர்கள் நகரவில்லை. ஒரே ஊரில், ஒரே வேதத்துக்கு, இரண்டு நிர்வாகம், இரண்டு கோவில், இரண்டு கல்லறை. ஐரோப்பிய அரசர்களின் வழக்கு பாலக்கரைச் சந்து வரைக்கும் வந்து, பக்கத்து வீட்டுக்காரர்களைத் தனித்தனிப் பூசைக்கு அனுப்பியது. பின்னால் எல்லாம் ஒரே ஆயரின், அதாவது பிஷப்பின், கீழ் வந்துவிட்டது. எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கோவிலே நம்முடையது என்று பழகிவிட்டோம். இலங்கையில் கோவாச் சாமியாரிடம் ஞானஸ்நானம் வாங்கிய கொள்ளுத்தாத்தா, திரும்பி வந்ததும் இங்கேயும் கோவா கோவிலைத்தான் தேடிப் போயிருக்கிறார்.

ரெங்கராஜன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், கையில் வாழைநாரில் கட்டிய பொட்டலம். புத்தகத்தில் பத்தே நிமிஷத்தில் கிடைத்தது. "சவரிமுத்து உபதேசியார். பூர்வீகம் ஸ்ரீரங்கம். கொழும்பில் ஞானஸ்நானம். மனைவியின் கல்லறைக்கு அருகே அடக்கம்." கல்லறைக்குப் போனோம். செடியை விலக்கினால் பெயர்க்கல்லே இருந்தது. நாங்கள் பெயரில்லாத சிலுவைக்கு முன்னால் மண்டியிட்ட அத்தனை வருஷமும் அவர் இங்கே பெயரோடு இருந்திருக்கிறார். ரெங்கராஜன் மருக்கொழுந்து மாலையைக் கல்லில் சார்த்திவிட்டுக் கைகூப்பினார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இந்தக் கல்லறைக்கு எந்த ஆபத்தும் இல்லை.

பத்து மணிக்கு ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பிறகு அவள் கேட்டாள். "அப்ப இத்தனை வருஷம் நான் யாருக்குக்கா மெழுகுவத்தி ஏத்தினேன்?"

அதுதான் கேள்வி. அப்பா ஏமாளி இல்லை. கிளார்க் வேலையில் ஒரு காகிதத்தைக்கூட மாற்றி வைக்காதவர். அவர் ஏன் மாமரத்துக்கு வடக்கே போனார்? கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார், பகல் ரயிலைப் பிடித்து ஊர் போய்ச் சேரலாம். ஆனால் பன்னிரண்டு மணிக்குப் பிறகு அந்தச் சிலுவை இருக்காது. அப்பா விடாதே என்று சொன்னது அந்த இடத்தைத்தான். யாராக இருந்தால் என்ன, தெரிந்துகொள்ளாமல் போக மாட்டேன் என்று ஆட்டோவைக் கூப்பிட்டேன். ரெங்கராஜனும் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தார். தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர், 60 ரூபாய்.

பத்தே முக்காலுக்கு அந்தோணிசாமி முன்னால் நின்றேன். "அந்தப் புத்தகத்தை இன்னொரு தரம் குடுங்க. எந்த இடத்துல யாரைப் புதைச்சாங்கன்னு எழுதியிருக்குமா?"

"வலப்பக்கம் கடைசியில இருக்கும்மா. அன்னிக்கே பாத்திருப்பீங்களே."

பார்த்திருக்கவில்லை. அட்டை போட்டு மூடி வைத்திருந்தேனே. ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு வரும் பெண்கள் குழாயில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு எடுத்து வைத்தால் நான் கத்துவேன். வயதைப் பார், எண்ணைப் பார், முழு வரியையும் பார் என்பேன். அப்படிப்பட்ட நான் ஒரு நாள் முழுவதும் பெயரை மட்டும் பார்த்திருக்கிறேன். அட்டையைத் தூக்கி, வலப்பக்கத்து இடக் கட்டத்தில் விரலை வைத்து இறங்கினேன். பதினொன்று இருபதுக்கு, "மாமரத்துக்கு வடக்கே, மூன்றாவது" என்று இருந்தது. அப்படியே இடப்பக்கம் போனேன்.

லூர்தம்மாள். ரங்கூனிலிருந்து கால்நடையாய் வந்தவள். உறவினர் யாருமில்லை.

திரும்பவும் வலப்பக்கம் வந்தேன். இடத்துக்கு அடுத்த கட்டம் சாட்சி. அடக்கத்தின்போது கூட நின்றவர் கையெழுத்து. தடித்த பேனாவில், கொஞ்சம் கோணலாக, "சவரிமுத்து, உபதேசியார்."

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. ரங்கூனிலிருந்து நடந்தே வந்து இந்த ஊரில் விழுந்தவளை, கோவா கோவில்காரராக இருந்தும், வீட்டை ஒட்டிய இந்தத் தோட்டத்தில் இவர்தான் அடக்கம் செய்திருக்கிறார். தானும் கப்பல் ஏறிப் போய், காய்ச்சலில் கிடந்து, யாரோ பார்த்துக்கொண்டதால் பிழைத்தவர் இல்லையா? அதோடு விடாமல் வருஷா வருஷம் போய் ஜெபம் சொல்லியிருப்பார். ஐந்தாறு வயசில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போன அப்பா அதைப் பார்த்திருப்பார். பிறகு பிழைப்புக்காகச் சென்னைக்குப் போனவருக்கு நினைவில் நின்றது அந்த மாமரமும் சிலுவையும்தான். தாத்தா மண்டியிட்ட இடத்தைத் தாத்தாவின் இடம் என்று நினைத்துவிட்டார்.

"இவங்களுக்குக் கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

அந்தோணிசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உறவுன்னு காட்டணுமேம்மா. யாருமில்லைன்னு புத்தகமே சொல்லுதே."

"அதே புத்தகந்தான் இதையும் சொல்லுது." சாட்சிக் கட்டத்தில் விரலை வைத்தேன். "உங்கள மாதிரி ஒரு உபதேசியார் இவங்க பக்கத்துல நின்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. நான் அவர் பேரனோட மகள். அவர் பதிவு வாய்க்கால் கோவில்ல இருக்கு, இப்பதான் பாத்துட்டு வரேன். எங்கப்பா, நான், என் தங்கச்சி, மூணு பேரும் இங்கதான் மண்டி போட்டோம். இதுக்கு மேல என்ன வேணும்னு சாமியாரையே கேளுங்க. பன்னெண்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் நகர மாட்டேன்."

"சாமியார் அடக்கப் பூசைக்குப் போயிருக்காரும்மா" என்றார் மெதுவாக. குனிந்து அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். மூன்று பேனாவில் ஒன்றை எடுத்தார். என்னிடம் தரவில்லை. கையெழுத்து வாங்குகிற நோட்டில் உறவு என்ற கட்டத்தில் அவரே எழுதினார்: "அடக்கச் சாட்சியின் குடும்பத்தார்." பிறகு பேனாவை நீட்டி, "எங்க ஆளு போட்ட கையெழுத்தும்மா. நான் எப்படி இல்லைன்னு சொல்றது?" என்றார்.

மணி பதினொன்று ஐம்பது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். ரெங்கராஜன் முன்பே அங்கே இருந்தார். பொட்டலத்தில் மிச்சமிருந்த மருக்கொழுந்தைச் சிலுவையின் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

இனி, போகப்போகிறவர்களுக்கு. உங்கள் பங்குச் சாமியாரிடம் கடிதம் வாங்காமல் கிளம்ப வேண்டாம். அலுவலகங்கள் பெரும்பாலும் காலை ஒன்பதரை முதல் ஒன்றரை வரைதான், வெள்ளியில் சில இடங்கள் திறக்காது. கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பக்கத்தைத் தொடுங்கள். உங்கள் குடும்பம் கடல் தாண்டிப் போய் வந்ததா என்று வீட்டில் கேட்டு வையுங்கள், அதைப் பொறுத்துக் கோவிலே மாறலாம். உங்கள் சனத்தில் மதம் மாறாமல் இருப்பவர்களிடமும் போங்கள், அவர்களிடம்தான் பாதிக் கதை இருக்கும். மூன்று நாளில் எனக்கு ஆன மொத்தச் செலவு, ரயில் இரு வழியும் சேர்த்து, 1,480 ரூபாய். முக்கியமாக, வரியை முழுவதும் படியுங்கள். மிஷன்காரர்கள் கட்டினார்கள், அரசர்கள் சண்டை போட்டார்கள், கப்பல்கள் ஆட்களை ஏற்றிப் போய் இறக்கின. இவையெல்லாம் இடப்பக்கத்தில் இருக்கும். இந்த வேதத்தை இங்கே ஊன்ற வைத்தவர்கள் வலப்பக்கத்துச் சாட்சிக் கட்டத்தில் இருக்கிறார்கள்.

பகல் ரயிலில் உட்கார்ந்ததும் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, நவம்பரில் என்ன செய்வது என்றாள்.

"வாய்க்கால் கல்லறைக்கும் ஒண்ணு கொண்டு போ. ஆனா மொதல்ல மாமரத்துக்கிட்ட ஏத்து. இந்தத் தரம் பேரச் சொல்லி ஏத்து. லூர்தம்மாள்."